பிரேக் மிதிக்கும்போது மட்டும்

எங்கள் மூன்று பேரையும் வேறு வண்டி பார்த்துக்கொள்ளச் சொல்லி எங்கள் டிரைவர் நிதானம் குண்டைத் தூக்கிப் போட்டது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்து என்னை வாசலில் இறக்கிவிட்டவர், இன்ஜினை அணைக்காமல், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அடுத்த செவ்வாய் வரைக்கும்தாம்மா வருவேன். அப்புறம் வேற ஏற்பாடு பண்ணிக்குங்க. வண்டிக்கு வயசாயிடுச்சு. எனக்கும் சலிச்சுப்போச்சு."

சலித்துப்போச்சாம். துடைக்கும்போது வண்டியோடு பேசுகிற மனுஷன் இதைச் சொன்னால் கேட்கிறவள் நம்பிவிட வேண்டுமாக்கும்.

நான் தையல்காரி. அவருக்கு அடுத்த வீடு. என் சிறுநீரகம் இரண்டும் வேலைநிறுத்தம் செய்து நாலு வருடமாகிறது. வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆஸ்பத்திரியில் போய் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். பின்சீட்டில் இன்னும் இரண்டு பேர்: ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், பேக்கரிக்காரர் ஒருவர். எனக்கு முன்சீட்டு. வண்டி இருபத்திரண்டு வயதுக் கிழம். வாங்கும்போது வெள்ளையாக இருந்ததாம், இப்போது பால் குறைவான டீயின் நிறம்.

நிதானம் என்பது தெரு வைத்த பெயர். அவருடைய சொந்தப் பெயரை அவர் மனைவியே மறந்துவிட்டாள் என்று கேலி செய்வோம். அவர் ஓட்டுகிற விதம் அப்படி. சிக்னல் அடுத்த தெருவில் இருக்கும்போதே இவர் பிரேக்கில் காலை வைத்துவிடுவார். பின்னால் வருகிற லாரிக்காரன் அவர் பரம்பரையையே இழுத்துத் திட்டுவான், காதில் வாங்கமாட்டார். காரணம் நாங்கள்தான். மெஷினிலிருந்து எழுந்து வரும்போது ஊசி குத்திய இடத்தில் பஞ்சு வைத்து அழுத்திக் கட்டியிருப்பார்கள். வண்டி திடீரென்று நின்றால் நாங்கள் எதையாவது எட்டிப் பிடிப்போம். பிடித்தால் ரத்தம் பிய்த்துக்கொண்டு வரும். ஒருதடவை தபால்காரருக்கு அப்படி ஆகி, சீட்டெல்லாம் ரத்தம். அன்றிலிருந்து மனுஷன் பிரேக்கை மிதிப்பதே இல்லை, தடவிக்கொடுப்பதோடு சரி.

அப்படிப்பட்டவர் கைவிட்டால் நாங்கள் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். எனக்குக் கோபம் வந்தது. கோபத்தில் ஒரு டம்ளர் தண்ணீரை முழுசாகக் குடித்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். எங்களுக்கெல்லாம் தண்ணீர் அளந்துதான். ஒரு ஐஸ் கட்டியை வாயில் போட்டுக்கொண்டு தைக்க உட்கார்ந்தேன்.

சனிக்கிழமை காலையில் அவர் மனைவி வந்தாள். அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். செவ்வாய், வெள்ளிகளில் எங்கள் மூன்று பேருக்கும் முட்டை அவித்து, மஞ்சள் கருவை எடுத்துவிட்டு, வெள்ளையை மட்டும் டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்புகிறவள். அன்று கையில் டப்பா இல்லை, ஒரு கட்டு பழைய பேப்பர் இருந்தது.

"இதப் பாருங்க" என்று என் தையல் மெஷின்மேல் போட்டாள். "கட்டிலுக்கு அடியில இருந்துச்சு."

பேப்பரின் ஓரமெல்லாம், விளம்பரத்துக்குள்ளெல்லாம், நீல மையில் அவருடைய கையெழுத்து. ஒன்றா இரண்டா, நூற்றுக்கணக்கில். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தேதி.

"எங்கயோ எவனுக்கோ கையெழுத்துப் போட்டு மாட்டிக்கிட்டாரு. இல்லேன்னா வீட்டையே எழுதிக் குடுக்கப் போறாரு. நாப்பது நாளா மூஞ்சியே சரியில்ல. அவரு அண்ணன் வீட்டுக்கும் போறதில்ல. தினம் சாயங்காலம் போவாரு, இப்ப அந்தத் தெருப்பக்கமே போறதில்ல. கேட்டா வேலைங்கறாரு. என்ன வேலை? வண்டிக்கு அடியில படுத்துக் கெடக்கறதுதான் வேலை."

நான் அந்தக் கையெழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நாளாக அவர் என் வீட்டுக்கு வந்து, 'குடுங்கம்மா, உங்களுக்குக் கண்ணு தெரியாது' என்று ஊசியில் நூல் கோத்துக் கொடுத்துவிட்டுப் போனது நினைவுக்கு வந்தது. கோத்ததும் ஊசியை விரலில் பிடித்தபடி கொஞ்ச நேரம் உற்றுப் பார்ப்பார். எவ்வளவு நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன், மட்டி.

அவருடைய அண்ணன் போர்டு எழுதுகிறவர். இந்த ஊர்க் கடைகளில் பாதிக்குமேல் அவர் கை எழுத்துதான். ஐம்பத்தாறு வயதில் அவருக்கு வலது கை ஆட ஆரம்பித்தது. அப்புறம் எழுத்து சிறுத்தது, கையெழுத்து எறும்பு மாதிரி ஆயிற்று. பிறகு நடையும் போயிற்று. இப்போது டீ கிளாஸைப் பிடிக்கக்கூட ஆள் வேண்டும்.

"அண்ணி, உங்க வீட்டுக்காரருக்கு இப்ப என்ன வயசு?"

"அம்பத்தாறு. ஏன்?" என்றவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

போய்க் கேட்டோம். வண்டிக்கு அடியிலிருந்து காலைப் பிடித்து இழுக்காத குறையாக வெளியே வரவழைத்து, அண்ணி பேப்பரை நீட்டினாள். மறுப்பார் என்று நினைத்தேன். அவர் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, எண்ணெய்க் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

"சின்னதாகுதான்னு பாத்தேன். இன்னும் ஆகல" என்றார்.

"என்ன செய்யுது? ஒழுங்கா சொல்லுங்க."

"வண்டி ஓட்டறப்ப கை ஆடுது. எப்பவும் இல்ல. மேட்டுலேர்ந்து எறங்கறப்ப, பிரேக்ல கால வச்சதும் ஆரம்பிக்குது. ரெண்டு கையும் கெடுகெடுன்னு ஆடுது. நின்னதும் நின்னுடுது. ஆனா எறங்கின பின்னாடியும் கொஞ்ச நேரம் வெரல்ல ஒரு நடுக்கம் இருக்கு. அண்ணனுக்கும் இப்படித்தான், வந்து வந்து போச்சு மொதல்ல."

"வண்டில கோளாறா இருந்தா?"

"மார்க்கெட் மெக்கானிக்கிட்ட காட்டிட்டேன். சந்து முனை வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டு வந்து, வண்டில ஒண்ணும் இல்ல, உங்களுக்குத்தான் வயசாயிடுச்சுன்னு சொல்லிச் சிரிச்சான்." கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "மூணு உசுர வச்சு ஓட்டறேன். கை சொன்ன பேச்சு கேக்காதுன்னு தெரிஞ்சும் ஓட்டினா நான் மனுஷனா?"

அந்த மெக்கானிக் சந்து முனை வரைக்கும் உருட்டிப் பார்த்துவிட்டு அடித்த ஜோக் இவர் நெஞ்சில் போய் ஆணியாக இறங்கியிருக்கிறது. எனக்கு அந்தாளைத் தேடிப்போய் நாலு வார்த்தை கேட்க வேண்டும்போல இருந்தது.

அண்ணி அழுது தீர்த்துவிட்டு, மூக்கைச் சிந்தியபடியே போனை எடுத்தாள். அவள் தங்கைக்கு. ஊருக்கு வெளியே சக்கரம், பிரேக், முன்பக்க வேலை எல்லாம் பார்க்கிற ஷெட் வைத்திருக்கிறவள். புருஷனும் பொண்டாட்டியுமாக ஆரம்பித்த ஷெட், புருஷன் வெளிநாடு போனபின் இவள் ஒண்டியாகவே நடத்துகிறாள். ஷெட்டுக்காரி என்றால் எல்லோருக்கும் தெரியும்.

"அவள எதுக்குக் கூப்பிடறே? வேண்டாம்" என்று நிதானம் பதறினார்.

"ஏன் வேண்டாம்? வீட்டுலயே ஒருத்திய வச்சுக்கிட்டு மார்க்கெட்டுக்குப் போனீங்களே, அதக் கேக்கறேன்."

அவர் என்னைப் பார்த்துச் சொன்னார், அவளைப் பார்த்துச் சொல்ல முடியாமல்.

"அவ பாத்து ஒண்ணும் இல்லேன்னு சொல்லிட்டா, அப்புறம் சந்தேகப்பட எடமே இல்லம்மா. அதான் போகல."

அதுதான் விஷயம். வண்டி பழுதென்றால் அவர் பிழைத்தார். வண்டி நன்றாக இருந்தால் அவர் தொலைந்தார். இப்படி ஒரு வேண்டுதலை நான் கேள்விப்பட்டதே இல்லை. வண்டி கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று மூன்று பேரும் மனசுக்குள் வேண்டிக்கொண்டு நின்றோம்.

ஷெட்டுக்காரி அரை மணி நேரத்தில் வந்தாள். நீலக் கால்சட்டை, மேலே அவள் புருஷனுடைய பழைய சட்டை, பையில் ஒரு டார்ச். அக்காவிடம் விஷயத்தைக் கேட்டாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"சாவியக் குடுங்க மச்சான். நான் ஓட்டறேன். நீங்க பக்கத்துல உக்காருங்க. அக்கா, நீ பின்னாடி ஏறு. தையக்காரம்மா, நீங்களும் வாங்க, எப்பவும் இருக்கற கனம் இருந்தாத்தான் வண்டி உள்ளத சொல்லும்."

"நான் என்ன மூட்டையா?" என்றேன்.

"மூட்டை இப்படிப் பேசாது" என்றாள்.

காற்று நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. ரோட்டில் குப்பையும் மண்ணும் சுழன்றன. அவள் தெருவிலேயே பள்ளமாகப் பார்த்து மெதுவாக இறக்கி ஏற்றினாள். முன்பக்கம் 'டொக்' என்றது. இன்னொரு பள்ளம், இன்னொரு 'டொக்'. தலையை ஆட்டிக்கொண்டாள். மேட்டில் ஏறி, உச்சியில் திருப்பி, இறக்கத்தில் விட்டாள். முள் அறுபதைத் தாண்டியது. நறுக்கென்று பிரேக்கை மிதித்தாள். வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது.

ஸ்டியரிங் ஆடவில்லை.

மறுபடி வேகமெடுத்து மறுபடி மிதித்தாள். ஆடவில்லை. நிதானம் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். "சொன்னேன்ல" என்றார், யாரிடமோ. அண்ணி என் கையை இறுக்கிப் பிடித்தாள். பிடித்தது ஊசி குத்துகிற கை. நான் போட்ட கூச்சலில் ஷெட்டுக்காரியே திரும்பிப் பார்த்துவிட்டாள். கூச்சல் போட்ட வாயோடுதான் எனக்கு அது தோன்றியது.

"ஏம்மா, இது என்ன பிரேக்கு? நாங்க வரும்போது இப்படி மிதிச்சா எங்க மூணு பேரு ரத்தத்தையும் மோந்துதான் எடுக்கணும். அண்ணன் இப்படி மிதிக்கவே மாட்டாரு."

"பின்ன எப்படி மிதிப்பாரு?"

"மிதிக்கவே மாட்டாருன்னா மாட்டாரு. அந்த மைல்கல்லுகிட்ட கால வச்சா, கீழ பாலம் வர்ற வரைக்கும் எடுக்கமாட்டாரு. லேசா, வச்சது தெரியாம."

ஷெட்டுக்காரி நிதானத்தைப் பார்த்தாள். அவர் ஆமாம் என்று தலையசைத்தார். அவள் வண்டியைத் திருப்பி மறுபடி மேட்டுக்கு ஏற்றினாள்.

இந்தத் தடவை இறக்கத்தில் யாரும் மூச்சுவிடவில்லை. மைல்கல் வந்தது. பூப்போல காலை வைத்தாள். ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு என் காலடித் தகரத்தில் லேசாகக் குறுகுறுவென்று ஏறியது. நாலு மாதமாக எனக்குத் தெரிந்த குறுகுறுப்புதான், கிழட்டு வண்டி ஆடத்தானே செய்யும் என்று வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். அடுத்து ஸ்டியரிங் இடமும் வலமுமாக வெடவெடவென்று ஆடியது. அதைப் பிடித்திருந்த ஷெட்டுக்காரியின் இரண்டு கைகளும், முழங்கை வரைக்கும், ஆடின.

"மச்சான்!" என்று கத்தினாள். "இங்க பாருங்க! என் கையப் பாருங்க! உங்க வியாதி எனக்கும் வந்துடுச்சு!"

அவர் பார்த்தார். பாலம் வரைக்கும் காலை எடுக்காமல், ஆட ஆட, அவருக்குக் காட்டிக்கொண்டே வந்தாள். வண்டி நின்றது. கை நின்றது. அவர் கதவைத் திறந்து இறங்கிப் பாலத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டியபடி நின்றார். அவர் தோள் குலுங்கியது. அண்ணி இறங்கிப் போய் முதுகில் பளார் என்று ஒரு அடி வைத்தாள். அப்புறம் அந்தக் கையை எடுக்கவே இல்லை. எனக்கும் கண் நிறைந்துவிட்டது, சந்தோஷம்தான், வேறென்ன. எங்கள் உடம்பில் வீணாகப் போக்க அவ்வளவு தண்ணீர் கிடையாது என்று ஷெட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டே துடைத்தேன்.

ஷெட்டில் வண்டியை ஜாக்கியில் தூக்கினாள். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்தாள், கிளக் கிளக் என்றது. "இது ஒண்ணு. கீழ்மூட்டு தேஞ்சுபோச்சு." அடியில் குனிந்து, கடப்பாரையைக் குட்டையாக வெட்டினது மாதிரி ஒரு கம்பியை எங்கோ நுழைத்து நெம்பினாள். ஒரு விரற்கடைக்கு நகர்ந்தது. விரலால் கருப்பாக எதையோ தோண்டி எடுத்து நீட்டினாள். தண்ணீரில் ஊறின செருப்புத் துண்டுபோல உப்பி, பிசுபிசுவென்று இருந்தது.

"இது சக்கரத்தப் புடிச்சிருக்கற கையோட புஷ்ஷு. நல்ல ரப்பர். எப்படி இப்படி ஆச்சு? அடியில எதையாவது பூசறீங்களா மச்சான்?"

நிதானத்துக்குப் பெருமை தாங்கவில்லை. "ஞாயித்துக்கிழமை தவறாது. பழைய இன்ஜின் ஆயில எடுத்து, பிரஷ்ஷால, ஒரு எடம் விடாம. துரு அண்டக் கூடாதுல்ல?"

"துரு அண்டல. ரப்பர் அத்தனையும் ஆயில் குடிச்சு செத்துப்போச்சு."

பெருமை பாதியில் நின்றது. அடுத்து சக்கரத்தைக் கழற்றப் பார்த்தாள். நட்டு அசையவில்லை. ஸ்பானரில் குழாயைச் செருகி, அதன்மேல் ஏறி நின்று குதித்த பிறகுதான் ஒவ்வொன்றாக முனகிக்கொண்டு வந்தது.

"யாரு மச்சான் இத முடுக்கினது, ராட்சசனா?"

"நான்தான்" என்றார், சத்தம் குறைந்து. "பல வருஷத்துக்கு முன்னாடி என் கண்ணு முன்னாடி ஒரு வண்டிக்குச் சக்கரம் கழண்டு ஓடுச்சு. அதுலேர்ந்து வாராவாரம் ஸ்பானர் மேல ஏறி நின்னு, வரிசையா, ஒரு சுத்து."

"வரிசையா! ஒரு பக்கமா இழுத்து இழுத்து உள்ள இருக்கற பிரேக் தட்டு கோணிப்போச்சு. கோணின தட்ட லேசாப் புடிச்சா, ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு தடவை இடிக்கும். நறுக்குன்னு மிதிச்சா வேகம் ஒடனே போயிடும், இடிக்க நேரம் ஏது? நீங்க அரை மைலுக்குத் தடவிக்கிட்டே வந்தா அது ஆடிக்கிட்டேதான் வரும். தாங்கிக்கறதுக்கு ரப்பரும் இல்ல, மூட்டும் இல்ல. எல்லாம் நேரா ஸ்டியரிங்குக்கு வந்துடுது."

பிரேக் தட்டின் ஓரத்தில் ஒரு சின்ன கடிகாரம் மாதிரி ஒன்றைப் பொருத்தி, தட்டை மெல்லச் சுற்றினாள். தட்டு நேராக இருந்தால் அசையாமல் நிற்க வேண்டிய முள் போய்ப் போய் வந்தது. நிதானம் மண்டியிட்டு அந்த முள்ளைப் பார்த்தார். மறுபடி சுற்றச் சொன்னார். மறுபடியும் முள் போய் வந்தது. ஏழெட்டுத் தடவை சுற்ற வைத்தார். என்ன தித்திப்பான காட்சியோ, எழுந்திருக்க மனசில்லை அவருக்கு.

"ஆக, நான் பாசமா பாத்துப் பாத்தே கெடுத்துட்டேன்" என்றார்.

"வண்டிய மட்டுமா? நாப்பது நாளா எங்கக்காவையும் சேத்து" என்றாள் அவள்.

தட்டு, மூட்டு, புஷ் எல்லாம் புதுசாகப் போட இரண்டு நாள் ஆயிற்று. கடைசியில் சக்கரத்தை மாட்டும்போது ஒரு நட்டுக்கு எதிர் நட்டாக, 'டிக்' என்று சத்தம் கொடுக்கிற ஸ்பானரால் முடுக்கினாள். "டிக்குனா விட்டுடணும்" என்றாள். நிதானத்தின் கால் தானாக ஸ்பானரை நோக்கி நகர்ந்தது. முழங்காலில் ஒரு அடி விழுந்தது.

அண்ணி அதோடு விடவில்லை. செவ்வாய்க்கிழமை நாங்கள் மெஷினில் கிடந்தபோது அவரை இழுத்துக்கொண்டு போய் டாக்டர் முன்னால் உட்கார வைத்தாள். டாக்டர் விரல்களைத் தட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், எழுதச் சொன்னார். ஆடுகிற ஸ்டியரிங்கை அந்த இறுக்கு இறுக்கிப் பிடித்தால் இறங்கின பிறகு யாருக்கும்தான் விரல் நடுங்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அண்ணி அன்று எங்களுக்கு ஆளுக்கு ஒரு முட்டை வெள்ளை அதிகமாக வைத்தாள்.

மறுநாள் சாயங்காலம் நிதானம் என் வாசலில் ஹாரன் அடித்தார்.

"அண்ணனப் பாக்கப் போறேன். கூட வாங்கம்மா" என்றார். "தனியாப் போக ஒரு மாதிரியா இருக்கு."

ஏன் என்று புரிந்தது. தப்பித்தவன் மாட்டிக்கொண்டவன் முன்னால் போய் எந்த முகத்தோடு நிற்பது?

போர்டுக்காரரை நானும் அவருமாகத் தாங்கி முன்சீட்டில் உட்கார வைத்தோம். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். பெரியவருடைய வலது கை மடியில் ஆடியது, அதை இடது கையால் பிடித்துக்கொண்டார், அதுவும் ஆடியது. மேட்டு உச்சியில் பெரியவர் கேட்டார். பேச்சும் இப்போது அவருக்குத் தேய்ந்துதான் வருகிறது.

"நாப்பது நாளா ஏன்டா வரல?"

நிதானம் வண்டியை ஓரமாக நிறுத்தினார். "உன் கையப் பாக்கப் பயமா இருந்துச்சுண்ணே. எனக்கும் வந்துடுச்சுன்னு நெனச்சேன்."

"வந்துடுச்சா?"

"இல்லண்ணே." சொல்லவே கூசினார். "வண்டிதான். சரி பண்ணியாச்சு. டாக்டரும் பாத்துட்டாரு."

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் நெஞ்சிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது, பின்சீட்டில் எனக்குக் கேட்டது.

"அப்பாடா" என்றார். "நீ வராம நின்னுட்டதும் எனக்குத் தெரிஞ்சுபோச்சுடா, இவனுக்கும் வந்துடுச்சுன்னு. அஞ்சு வருஷமா நான் உன் கையத்தானே பாத்துக்கிட்டிருக்கேன். நீ எனக்கு டீ கிளாஸ் புடிப்பியே, அப்பல்லாம் டீயையா பாத்தேன்?"

நிதானம் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார். நான் சன்னலுக்கு வெளியே பார்த்தேன். பார்க்க அங்கே ஒன்றும் இல்லை.

"சரி சரி, எடு வண்டிய" என்றார் பெரியவர். "கீழ எறக்கு. எப்படி ஆடுச்சு, இப்ப எப்படி இருக்கு, காட்டு."

வண்டி இறங்கியது. மைல்கல் வந்ததும் நிதானம் வழக்கம்போலக் காலை வைத்தார். பாலம் வரைக்கும் அரை மைல். காலடியில் குறுகுறுப்பு இல்லை, சத்தம் இல்லை. ரோடு எதிரே நீண்டு கிடந்தது. பெரியவர் அதைப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கின்மேல் இருந்த தம்பியின் இரண்டு கைகளையும் பார்த்தபடியே வந்தார். பாலத்தில் வண்டி நின்ற பிறகும் கண்ணை எடுக்கவில்லை.

"இன்னொரு தடவை எறக்குடா" என்றார்.